‘எனக்குத் தைராய்டு இருக்கு’: டிஎஸ்எச் கொஞ்சம் ஏறியிருந்தால் என்ன அர்த்தம்?

காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். ஆதம்பாக்கத்தில் ஒரு சின்ன லேப் அது. பதினோரு வருடமாக அங்கே ரத்தம் எடுக்கிறேன், சாயங்காலம் ரிப்போர்ட் கொடுக்கிறேன். சர்க்கரைக்கு அடுத்தபடியாகக் கவுன்ட்டரில் என் காதில் விழும் பெயர் தைராய்டுதான். “எனக்குத் தைராய்டு இருக்குங்க.” “தங்கச்சிக்கும் தைராய்டு வந்துடுச்சாம்.” “எங்க குடும்பத்துலயே தைராய்டு கிடையாது, இவளுக்கு மட்டும் எப்படி?”

தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது. கழுத்தில் உள்ள ஒரு சுரப்பியின் பெயர் அது. கல்லீரல் கெட்டுப்போனவரைப் பார்த்து ‘அவருக்குக் கல்லீரல் வந்துடுச்சு’ என்று யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் உறுப்பின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. அதனால் அதிகமாகச் சுரக்கிறதா, குறைவாகச் சுரக்கிறதா, குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்ற கேள்விகளெல்லாம் அடிபட்டுப் போகின்றன. கொஞ்சம் குறைந்தவரும், சுரப்பே நின்றுபோனவரும் ஒரே பெயரைச் சொல்லிப் பயப்படுகிறார்கள்.

போன சித்திரையில் ஒரு பெண் வந்தார். முப்பத்துநாலு வயது, சிறுசேரியில் ஐடி வேலை. ஹெல்த் செக்கப் பேக்கேஜில், தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டிஎஸ்எச் டெஸ்ட் 6.2 என்று வந்திருந்தது. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘ஹை’. அந்த ஒரு வார்த்தையைத் தேய்த்துத் தேய்த்துத் தாளே அழுக்காகியிருந்தது. “அண்ணா, இனிமே வாழ்நாள் முழுக்க மாத்திரையா? குழந்தை பிறக்காதுன்னு சொல்றாங்களே?” என்று கேட்டார். அன்று கவுன்ட்டரில் நின்றபடி அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன என்பதை நான் சொல்லலாம்.

## மொட்டை மாடித் தொட்டியும் வாட்ச்மேனும்

ஒரு பழைய அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே போர்வெல், மேலே தொட்டி, நடுவில் மோட்டார். தினமும் காலையில் வாட்ச்மேன் மாடியேறித் தொட்டியை எட்டிப் பார்ப்பார். தண்ணீர் இறங்கியிருந்தால் மோட்டாரைப் போடுவார், நிறைந்ததும் நிறுத்துவார். வழக்கமாக இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஒரு வருடம் போர்வெல்லில் ஊற்று கொஞ்சம் குறைகிறது. இப்போது அதே தொட்டியை நிரப்ப நாற்பது நிமிடம் ஆகிறது. ஆனால் தொட்டி நிறைந்துவிடுகிறது. மூன்றாவது மாடியில் குளிப்பவருக்கும், இரண்டாவது மாடியில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் வாட்ச்மேன்தான்.

ஊற்று இன்னும் வற்றினால்? ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓடியும் தொட்டி பாதிதான் நிறையும். அப்போதுதான் மாடியிலிருந்து “தண்ணி வரலையே!” என்று குரல் வரும்.

இப்போது பெயர்களை மாற்றிப் போடுவோம். போர்வெல்தான் தைராய்டு சுரப்பி. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும்; எடை இருபது கிராம் அளவுதான். அதிலிருந்து வரும் தண்ணீர் டி4 என்னும் ஹார்மோன். ஹார்மோன் என்றால் ஒரு சுரப்பி ரத்தத்தில் கலந்துவிட்டு, உடம்பின் வேறு இடங்களில் வேலை செய்யவைக்கும் பொருள். டி4க்குத் தைராக்சின் என்றும் பெயர். தொட்டி நம் ரத்தம். வாட்ச்மேன் பிட்யூட்டரி: மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் சுரப்பி. வாட்ச்மேன் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட விடுகிறார் என்பதுதான் டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்.

டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். மூளைப் பக்கமிருந்து தைராய்டுக்குப் போகும் உத்தரவு அது. டிஎஸ்எச் ஏறியிருக்கிறது என்றால் ‘தைராய்டு அதிகமாகிவிட்டது’ என்று நினைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நேர் எதிர். சுரப்பு குறைகிறது, அதனால் உத்தரவு கூடுகிறது.

சுரப்பு குறைந்த நிலைக்கு ஹைப்போதைராய்டிசம் என்று பெயர். ‘ஹைப்போ’ குறைவைச் சொல்கிறது. ‘ஹைப்பர்’ என்றால் அதிகம், அது வேறு நோய், வேறு வைத்தியம். மோட்டார் அதிக நேரம் ஓடுகிறது, ஆனால் தொட்டி நிறைந்தே இருக்கிறது என்ற இடைநிலைதான் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம். ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் ஏறியிருக்கும், டி4 சரியாக இருக்கும். நான் இதை ‘லேசான குறைவு’ என்றே சொல்கிறேன்.

இதுவரை பார்த்தது: டி4 என்பது சரக்கு, டிஎஸ்எச் என்பது அந்தச் சரக்கைக் கேட்கும் உத்தரவு. உத்தரவு கூடி, சரக்கும் குறைந்திருந்தால் முழுக் குறைவு. உத்தரவு மட்டும் கூடியிருந்தால் லேசான குறைவு.

## உத்தரவு ஏன் இவ்வளவு சத்தமாக இருக்கிறது?

டி4இல் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும். கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் அதிலிருந்து ஓர் அணுவைக் கழற்றி டி3 ஆக்குகிறது உடம்பு. செல்லுக்குள் போய் உண்மையில் வேலை செய்வது இந்த டி3தான். உடம்புச் சூடு, இதயத் துடிப்பின் வேகம், குடலின் அசைவு, ரத்தத்தில் கொழுப்பு கரையும் வேகம் என்று எல்லாவற்றின் பின்னாலும் இது இருக்கிறது. அதனால்தான் சுரப்பு நன்றாகக் குறைந்தால் களைப்பு, மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை, முடி கொட்டுவது, மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு, கொலஸ்ட்ரால் ஏறுவது என ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மாதிரித் தொந்தரவுகள் வருகின்றன.

பிட்யூட்டரி ரொம்ப உஷாரான வாட்ச்மேன். தொட்டியில் ஒரு விரற்கடை இறங்கினாலே மோட்டாரைப் போட்டுவிடுவார். டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் இரண்டு மடங்கோடு நிற்காது. கிட்டத்தட்ட நூறு மடங்குவரை ஏறலாம். ஆகவே ‘4 இருக்க வேண்டியது 6 இருக்கு, ஒன்றரை மடங்கு கெட்டுப்போச்சு’ என்று கணக்குப் போடக் கூடாது. முழுக் குறைவில் 50, 100 என்று வரும் ரிப்போர்ட்டுகளையும் என் கையால் கொடுத்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் 6.2 என்பது வாட்ச்மேனின் முணுமுணுப்பு.

இன்னொன்று, ‘இயல்பு’ எல்லை எல்லா லேபிலும் ஒன்றல்ல. ஒரு மெஷினில் மேல் எல்லை 4.2 என்று இருக்கும், இன்னொன்றில் 4.94 என்று இருக்கும். அதே ரத்தத்தில் 4.6 வந்தால் தெருவின் இந்தப் பக்கத்து லேபில் தடித்த எழுத்து, எதிர்ப் பக்கத்து லேபில் ஒன்றும் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எல்லையையும் சேர்த்துப் படியுங்கள். முடிந்தால் ஒரே லேபில் தொடர்ந்து பாருங்கள். வயதும் கணக்கில் வரும்: எழுபது, எண்பது வயதில் டிஎஸ்எச் இயல்பாகவே சற்று ஏறி நிற்கும். எண்பது வயதுப் பாட்டியின் 6ஐயும் முப்பது வயதுப் பேத்தியின் 6ஐயும் டாக்டர் ஒரே மாதிரிப் பார்க்க மாட்டார்.

## ஊற்று ஏன் குறைகிறது?

நம் ஊரில் முதல் காரணம் ஹாஷிமோட்டோ தைராய்டிடிஸ். 1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் முதன்முதலில் இதை விவரித்து எழுதினார். உடம்பின் நோய் எதிர்ப்புப் படை, சொந்தத் தைராய்டையே எதிரி என்று நினைத்து மெல்ல மெல்ல அரிப்பதுதான் இது. கிணற்றில் வருடக்கணக்கில் தூர் சேர்வது மாதிரி. இந்தப் படை விட்டுச்செல்லும் அடையாளத்தை ஆன்ட்டி டிபிஓ என்ற டெஸ்டில் பார்க்கலாம். அது பாசிட்டிவ் என்றால், இன்று லேசாக இருக்கும் குறைவு வரும் வருடங்களில் முழுக் குறைவாக மாற வாய்ப்பு கூடுதல். பெண்களுக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. பிரசவம் ஆன சில மாதங்களில் தைராய்டு தற்காலிகமாகத் தடுமாறுவதும் உண்டு. மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் போன்ற மருந்துகளும் சுரப்பைக் குறைக்கலாம்.

அயோடின் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அயோடின் இல்லாமல் டி4 கிடையாது என்பது உண்மை. இமயமலை அடிவாரத்தில் ஊர் ஊராகக் கழுத்துக் கழலை இருந்த காலத்தில், 1962இல் மத்திய அரசு அதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. 2006 முதல் சாப்பாட்டு உப்பு என்றால் அயோடின் சேர்த்தே விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சென்னையில் பாக்கெட் அயோடின் உப்பில் சமைக்கிறவருக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடுகிறது. ‘இயற்கை’ என்று சொல்லி முழுக்க இந்துப்புக்கோ, அயோடின் சேர்க்காத கல் உப்புக்கோ மாறியவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதே சமயம், தைராய்டு குறைவு என்றதும் கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று வாங்கிக் குடிப்பது ஆபத்து. ஹாஷிமோட்டோ உள்ளவருக்கு அதிக அயோடின் சுரப்பை இன்னும் அமுக்கும்.

இது எத்தனை பேருக்கு? சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அது போக, தனியாக 8 சதவீதம் அளவு பேருக்கு நாம் பேசும் இந்த லேசான வகை இருந்தது. ஒரு மின்சார ரயில் பெட்டியில் நூறு பேர் இருந்தால் எட்டுப் பேர்.

## ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைப்பது இந்தப் பகுதியைத்தான்.

டிஎஸ்எச் அசையாமல் நிற்கும் எண் இல்லை. ராத்திரியில் ஏறும், மதியம் இறங்கும். கடுமையான காய்ச்சலோ பெரிய நோயோ வந்து தேறும் நாட்களில் தற்காலிகமாக ஏறி நிற்கும். கோடையில் கொஞ்ச நாள் மோட்டார் கூடுதலாக ஓடி, ஐப்பசி மழைக்குப் பிறகு பழைய இருபது நிமிடத்துக்கே வருவதில்லையா? அதே போல, லேசாக ஏறியிருந்த டிஎஸ்எச் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே இறங்கிவிடுவது சகஜம். அதனால் 10க்குக் கீழே உள்ள ஏற்றம் என்றால், பொதுவாக இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி பார்ப்பதுதான் முறை. அந்த இரண்டாவது முறை டிஎஸ்எச்சோடு ஃப்ரீ டி4, ஆன்ட்டி டிபிஓ இரண்டையும் சேர்த்துக் கேட்பார் டாக்டர். ஃப்ரீ டி4 என்பது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் ரத்தத்தில் தனியாகத் திரியும் டி4. செல்லுக்குள் போகக்கூடியது அதுதான். பல செக்கப் பேக்கேஜ்களில் மொத்த டி4 மட்டும் இருக்கும், சிலவற்றில் டிஎஸ்எச் மட்டும். அந்தச் சிறுசேரிப் பெண்ணின் ரிப்போர்ட்டில் தொட்டியின் அளவே இல்லை, மோட்டார் ஓடிய நேரம் மட்டும்தான் இருந்தது.

ரத்தம் கொடுக்க வரும்போது சில விஷயங்கள். தைராய்டு டெஸ்டுக்குப் பட்டினி கட்டாயம் இல்லை. பாவம், வயதானவர்கள் எட்டு மணிவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து தலைசுற்றி உட்காருகிறார்கள். சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால்தான் வெறும் வயிறு தேவை, அதற்கும் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் காலையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாருங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள், ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போடுங்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பயோட்டின் ஒரு வைட்டமின்தான், உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பல மெஷின்கள் ஹார்மோனை அளக்கும் வேதிவினையிலேயே பயோட்டின் ஒரு பங்காளி. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகவும், டி4 அதிகமாகவும் காட்டும். குறைவு உள்ளவருக்கு ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் போய்விடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வந்தால் இந்தக் குழப்பம் வராது. நாங்களாகவே கேட்க வேண்டிய கேள்வி இது. காலை நெரிசலில் பல லேப்களில் கேட்பதில்லை, அது எங்கள் தரப்புக் குறை.

சுருக்கமாக: முதல் ரிப்போர்ட் ஒரு சந்தேகம். இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே நேரத்தில், ஃப்ரீ டி4உடன் எடுக்கும் இரண்டாவது ரிப்போர்ட்டுதான் பதில் சொல்லத் தொடங்கும்.

## களைப்பெல்லாம் தைராய்டுதானா?

“அதான் எனக்கு இவ்வளவு டயர்டா இருந்திருக்கு!” என்று ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நிம்மதியாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது. பல வருடம் யாரும் நம்பாத களைப்புக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே. ஆனால் டிஎஸ்எச் 6, 7 உள்ள பலருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. டிஎஸ்எச் 2 உள்ள பலர் களைத்துக் கிடக்கிறார்கள். ஓஎம்ஆரில் இரண்டு மணி நேரம் பஸ், ஐந்து மணி நேரத் தூக்கம், ஹீமோகுளோபின் 9: இவற்றில் எது களைப்பு தரும் என்று தைராய்டு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரத்தசோகை, பி12, வைட்டமின் டி குறைவு மூன்றும் எங்கள் லேபில் தினமும் பார்ப்பவை. டிஎஸ்எச்சின் மேல் எல்லாப் பழியையும் போட்டால் இவை கவனிக்கப்படாமலே போகும்.

எடையும் அப்படித்தான். தைராய்டு நன்றாகவே குறைந்தவருக்குக்கூட அதனால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும் உடம்பில் தங்குவதால் வருவது. லேசான குறைவு பதினைந்து கிலோவுக்குப் பொறுப்பேற்காது. மாத்திரை போட்டால் இளைத்துவிடலாம் என்று நம்பித் தாங்களாகவே டோஸைக் கூட்டுகிறவர்களைப் பார்த்து எனக்குப் பயமாகவே இருக்கிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஐரோப்பாவில் 65 வயதைத் தாண்டிய, லேசான குறைவுள்ள 737 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான மாத்திரையும், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. மாத்திரை போட்டவர்களின் டிஎஸ்எச் இறங்கியது. ஒரு வருடம் கழித்தும் களைப்பில், மற்ற அறிகுறிகளில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

## அப்படியானால் மாத்திரை யாருக்கு?

மறுபடி பார்த்தும் டிஎஸ்எச் 10ஐத் தாண்டி நின்றால் பெரும்பாலான டாக்டர்கள் மாத்திரை தொடங்குவார்கள். அந்த அளவில் இதயத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் கெடுதல் வருவதற்கும், முழுக் குறைவாக மாறுவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. 10க்குக் கீழே என்றால் ஆள் பார்த்து முடிவு: வயது, அறிகுறி, ஆன்ட்டி டிபிஓ, கொலஸ்ட்ரால், கழுத்தில் வீக்கம் எல்லாம் சேர்த்து. இளம் வயது, தெளிவான தொந்தரவு, ஆன்ட்டி டிபிஓ பாசிட்டிவ் என்றால் சில மாதம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். பலன் தெரியவில்லை என்றால் நிறுத்தியும் விடலாம். முதியவருக்கு எண் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தால், ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம்தான். ஒரு டாக்டர் மாத்திரை எழுதி, இன்னொருவர் பொறுத்துப் பார்க்கச் சொன்னால், இருவரில் ஒருவர் தவறு என்று ஆகிவிடாது.

கர்ப்பம் மட்டும் தனிக் கணக்கு. முதல் சில மாதங்கள் வயிற்றுக் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, தாயின் டி4ஐ நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. அதனால் கர்ப்பிணிகளுக்கும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் டிஎஸ்எச் எல்லையை டாக்டர்கள் இன்னும் இறுக்கமாக வைக்கிறார்கள். மற்றவருக்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்று விடும் எண்ணுக்கே இவர்களுக்கு மாத்திரை கொடுப்பதுண்டு. ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், டோஸ் கூட்ட வேண்டியிருக்கும். அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தச் சிறுசேரிப் பெண் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் இங்கேதான் பதில்: டிஎஸ்எச்சைச் சரியாக வைத்துக்கொண்டு குழந்தை பெற்றவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர்.

லேசான குறைவுக்குப் பெரிய ஸ்பெஷலிஸ்ட்தான் வேண்டும் என்றில்லை, உங்கள் வழக்கமான பொது மருத்துவரே பார்ப்பார். கர்ப்பம், இதய நோய், கழுத்தில் கட்டி என்று ஏதாவது சேர்ந்தால் எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் டாக்டர். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், நாம் ஜிஎச் என்று சொல்கிறோமே, அங்கேயும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு.

## மாத்திரை, டிகாக்ஷன், கால்சியம்

1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் நலிந்துபோன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் போட்டார். அந்த அம்மா அதற்குப் பின் 28 வருடம் வாழ்ந்தார். இன்று நாம் போடும் லிவோதைராக்சின் அதன் வழித்தோன்றல்தான், ஆனால் ஆட்டிலிருந்து வருவதில்லை. நம் சுரப்பி தரும் அதே டி4ஐத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். போர்வெல் தராத தண்ணீரை லாரியில் வாங்கித் தொட்டியில் ஊற்றுகிற மாதிரி. இது ஸ்டீராய்டும் இல்லை, போதைப் பழக்கமும் ஆகாது.

டோஸ் மைக்ரோகிராமில் இருக்கும். லேசான குறைவுக்கு 25, 50 என்று தொடங்குவார்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவாக. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும் என்பதால், புது டோஸ் நிலைப்பட ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். பத்தாம் நாளே “குறைஞ்சுதா பாருங்க” என்று வந்தால் காசுதான் வீண்.

போடும் முறைதான் சென்னையில் கஷ்டம். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. காபியும் கூடாது. ஆறு மணிக்கு டிகாக்ஷன் வாசம் வந்துவிடும் வீட்டில் இது பெரிய தவம் என்று எனக்குத் தெரியும். ஆனால் காபி அந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. என் அம்மா மாத்திரையையும் டம்ளர் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். பால்காரர் மணியடிக்கும் ஐந்தே காலுக்கு எழுந்து மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் பெருக்கி, கோலம் போட்டு, குளித்து முடித்தால் காபிக்கு நேரம் சரியாக இருக்கும். காலையில் முடியவே முடியாதவர்கள், ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூன்றையும் ஒன்றாக எழுதிக்கொடுத்திருப்பார்கள், அவர்கள் மூன்றையும் ஒரே கையில் வைத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் டிஎஸ்எச் இறங்காமல் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அசிடிட்டிக்குக் குடிக்கும் மருந்துக்கும் இதே இடைவெளி. பாட்டிலை அடுப்பங்கரை அலமாரியில் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் அந்தச் சூட்டில் மருந்தின் வீரியம் போய்விடும். வாங்கிய பாட்டிலிலேயே, வெயில் படாத, ஈரமில்லாத அறையில் இருக்கட்டும்.

டோஸ் அதிகமானால் டிஎஸ்எச் அடியோடு இறங்கிவிடும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை தொடங்கி, முதியவர்களுக்கு இதயத் துடிப்பே தாளம் தப்பலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். எடை குறைக்கத் தாங்களே மாத்திரையைக் கூட்டக் கூடாது என்று மேலே சொன்னது இதனால்தான். ரிப்போர்ட் நார்மல் வந்ததும் தாங்களே நிறுத்துவதும் கூடாது. பலருக்கு நார்மல் வந்ததே மாத்திரையால்தான். நிறுத்திப் பார்க்கலாமா என்பது டாக்டரோடு பேசி, பிறகு ஒரு டெஸ்டும் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றிய பயத்தை விட்டுவிடலாம். சமைத்து, வழக்கமான அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

## அந்தப் பெண்

ஆனி மாதக் கடைசியில் சிறுசேரிப் பெண் திரும்பி வந்தார். காலை ஏழு மணி, முதல் ஆளாக. முடிக்கு எடுத்துக்கொண்டிருந்த பயோட்டினை மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டதாக அவராகவே சொன்னார். இந்த முறை மூன்று டெஸ்டும் எழுதி வந்திருந்தார்: டிஎஸ்எச் 5.1, ஃப்ரீ டி4 சரியான அளவில், ஆன்ட்டி டிபிஓ நெகட்டிவ். கூடவே பார்த்த ஹீமோகுளோபின் 9.4.

மறுநாள் டாக்டர் எழுதிய சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். இரும்பு மாத்திரை மூன்று மாதம். தைராய்டுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி டிஎஸ்எச். குழந்தைக்குத் திட்டமிட்டால் அதற்கு முன்பே வந்து சொல்லும்படி அடியில் ஒரு வரி. “அப்ப மார்கழியில வரணும், இல்லையாண்ணா?” என்று கேட்டு, கவுன்ட்டர் மேல் போனை வைத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார்.